வீட்டுப்பாடத்தில் தொடங்கலாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டு மொழி வகுப்புகள் பற்றிய தங்கள் கட்டுரை, மாணவர்கள் தாமாகப் படிப்பதில்லை என்று குறைபட்டிருந்தது. அப்படிப் படிக்க ஆசிரியர்களான நாம் விடுகிறோமா என்பதையும் பேச வேண்டும்.

ஓமனின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழக மொழி மையத்தில் 61 ஆங்கில ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. எதைப் படிப்பது, எப்படி மதிப்பிடுவது என்பதில் மாணவருக்குப் பங்கு வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஏற்றார்கள். நடக்குமா என்று கேட்டபோது தயங்கினார்கள். பி1 என்ற இடைநிலைத் தேர்வுக்குத் தயாராகும் நம்மூர் ஜெர்மன் வகுப்புகளிலும் இதே பேச்சுத்தான்: "பி1 பரீட்சை நெருங்குது, இதுக்கெல்லாம் நேரம் ஏது?"

அந்தப் பரீட்சையே இதற்கு இடம் தருகிறது. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். தனக்கு எது வரவில்லை என்று மாணவரே கண்டுபிடிக்க வேண்டிய தேர்வு இது. எல்லாருக்கும் ஒரே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு அதை எப்படி எதிர்பார்ப்பது?

வாரம் ஒருநாள் மூன்று பயிற்சிகள் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். ஏன் எடுத்தேன் என்று நோட்டில் ஒரு வரி எழுதட்டும். முதல் சில வாரம் ஏறக்குறைய எல்லாரும் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' பக்கம்தான் போவார்கள். சோம்பல் அல்ல, பள்ளியில் தப்பில்லாமல் எழுதியதற்குத்தான் மதிப்பெண் கிடைத்தது. "பார்த்தீர்களா, இவர்களுக்குச் சரிவராது" என்று பல ஆசிரியர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். விடாதீர்கள். நோட்டுக்கு மதிப்பெண்ணும் போடாதீர்கள். போட்டால் முந்தின இரவு உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிவிடுவார்கள். "எந்த வாக்கியத்தில் நின்றுவிட்டாய்?" என்று ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள், போதும். டென்மார்க்கில் லெனி டாம் என்ற ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததில் இப்படிப்பட்ட குறிப்பேட்டுக்குத்தான் முக்கிய இடம்.

சுயமதிப்பீட்டில் சிக்கல் வேறு. அந்த மொழியில் தன்னால் எதெல்லாம் செய்ய முடியும் என்று மாணவரே குறிக்கும் 'என்னால் முடியும்' பட்டியலைக் கையில் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் டிக் விழும். 'மருத்துவரிடம் போனில் நேரம் வாங்க முடியும்' என்ற வரிக்கு, பக்கத்தில் இருப்பவரோடு அந்த உரையாடலைச் செல்போனில் பதிவுசெய்து, கேட்ட பிறகே டிக் என்று வையுங்கள். ஜெர்மனில் சில வாக்கியங்களின் கடைசியில் வர வேண்டிய வினைச்சொல்லை நடுவில் சொருகியது அவர்கள் காதிலேயே விழும். ஜெர்மனியில் செவிலியராகப் போகிறவருக்கு இது அவசியத்திலும் அவசியம். வார்டில் பக்கத்தில் நின்று திருத்த ஆசிரியர் இருக்கமாட்டார்.

பயிற்சி மையம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: போர்ஷன் முடிந்ததா என்று மட்டும் ஆசிரியரைக் கேட்காமல், இந்த வேலைக்கு வாரம் 20 நிமிடத்தை அட்டவணையிலேயே எழுதிக் கொடுங்கள்.

– ஜெர்மன் மொழி ஆசிரியை, திருச்சி