பாடிக்கு இன்னும் கலர் அடிக்கல

கணபதி, கோயமுத்தூர்
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

கண்ணுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நான் சௌக்கியம். நீ, மருமக, குட்டிப்பையன் மூணு பேரும் சௌக்கியமா இருக்கோணும்னு விளக்கு வெக்கறப்பெல்லாம் கும்பிட்டுக்கறேன். போன்ல பேசறத விட்டுட்டு எதுக்கு லெட்டர்னு நீ நினைப்ப. போன்ல நான் ஒண்ணு கேக்க நினைச்சு வேற ஒண்ணு கேட்டுடறேன். சாப்டியா, அங்க குளுரான்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள "சரிம்மா, வெக்கறேன்"ங்கற. அதான். பக்கத்து வீட்டுப் பையன் இதை போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பி விடறேன்னு சொல்லியிருக்கான்.

போன மாசம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். பரண்ல இருந்து அம்மாயியோட இரும்புப் பெட்டியை இறக்கினேன். அதுக்குள்ள உன்னோட கார் இருக்குது சாமி. சிங்கப்பூர் மாமா 2014 தீபாவளிக்குக் கொண்டு வந்தாரே, பார்ட் பார்ட்டா நாமளே மாட்டற ரிமோட் கார், அந்த டாமியா டிடி-02, அதேதான். அது எப்படி அந்தப் பெட்டிக்குப் போச்சுன்னு பின்னாடி சொல்றேன். முதல்ல கார் பத்திச் சொல்லிடறேன்.

நீ விட்ட இடத்துல அப்படியே நிக்குது. முன்னாடி பின்னாடி ரெண்டு கியர் பாக்ஸும் மூடியிருக்குது. மோட்டார் மாட்டியிருக்குது. டயர் தனியா, ரிம் தனியா. மேல மூடற பிளாஸ்டிக் பாடி கண்ணாடி மாதிரி இருக்குது, வெட்டக் கூட இல்ல. புஸ்தகத்துல ஒவ்வொரு படம் முடிக்கறப்பவும் பென்சில்ல டிக் போட்டு வெச்சிருக்கற. கடைசி டிக் ஸ்டீயரிங் சர்வோவுக்கு, அதான் முன்சக்கரத்தைத் திருப்பற குட்டி மோட்டாருக்கு, முந்தின படத்துல நிக்குது. அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். பெட்டியை மூடி மறுபடி பரண்ல ஏத்த மனசு வரல. நானே முடிச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

உங்கம்மாவுக்கு இது என்ன தெரியும்னு நினைக்காத. பம்புசெட்டு கம்பெனில 19 வருஷம் வைண்டிங் போட்ட கை இது. அது ஸ்டேட்டர், சுத்தாம நிக்கற பாகம், அதுல கரண்டு குடுக்கற கார்பன் பிரஷ்ஷே கிடையாது. இது பிரஷ் மோட்டார், நம்ம மிக்ஸி மாதிரி. ஆனா மிக்ஸில பிரஷ் உரசற செம்பு உருளை, அந்தக் கம்யூட்டேட்டர்ல எத்தனையோ கட்டம், இந்த 540 மோட்டார்ல மூணே மூணு. புது மோட்டாரை எடுத்த எடுப்புல 7.2 வோல்ட் குடுத்து ஓட்டினா பிரஷ் சரியா உக்காராம பொறி தட்டித் தேஞ்சிரும். ரெண்டு டார்ச் செல்லுல மூணு வோல்ட் குடுத்து, சும்மா சுத்த விட்டேன். முதல்ல கரகரன்னுச்சு. கொஞ்ச நேரத்துல பிரஷ்ஷு அந்த வளைவுக்குத் தேஞ்சு உக்காந்ததும் ஒரே சீரா ரீங்காரம் வந்துச்சு. நீ அவசரக்காரன், இதைச் செஞ்சிருக்க மாட்ட. மோட்டார் முனையில மாட்டற சின்னப் பல்சக்கரம் பினியன், அதோட சின்ன ஸ்க்ரூவையும் நீ சரியா முடுக்கல. மோட்டார் ஷாஃப்ட்ல ஒரு பக்கம் தட்டையா இருக்குதுல்ல, ஸ்க்ரூ அந்தத் தட்டைக்கு நேரா விழோணும். நீ உருண்டைப் பக்கத்துல முடுக்கி வெச்சிருந்த. ஓடுறப்ப வழுக்கி விட்டிருக்கும்.

ஸ்க்ரூவால நான் பட்ட பாடு உனக்குத் தெரியோணும். நம்ம ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வெச்சுத் திருப்புனா முடுக்க முடுக்க மேல ஏறி ஏறி வழுக்குது, தலை மழுங்குது. டவுன்ஹால் பக்கம் டூல்ஸ் கடைக்காரர்தான் சொன்னாரு, ஜப்பான்காரங்க ஸ்க்ரூவோட பள்ளம் வேற மாதிரி, நம்மளோட முனை அதுக்குள்ள முழுசா எறங்காதுன்னு. அவரே ஒரு டிரைவரோட முனையைக் கொஞ்சம் தேச்சுக் குடுத்தாரு. காசு வாங்கல. "யாருக்கும்மா இந்தக் கார்?"னு கேட்டாரு. எம்பையனுக்கு, ஸ்டுட்கார்ட்ல கார் பிரேக் டிசைன் பண்றான்னு சொன்னேன். சொல்றப்ப எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு.

ரெண்டு மாசமா நீ கூப்பிடறப்பெல்லாம் குட்டிப்பையன் தூங்கறான்ங்கற. இங்க ராத்திரி எட்டரைன்னா உங்களுக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னுதான் கேக்கறேன், வேற ஒண்ணுமில்ல. பின்னாடி இருந்த மஞ்சச் செவுரும் இப்பத் தெரியறதில்ல. வெள்ளையா, ஒண்ணுமே மாட்டாத செவுரு தெரியுது. எடத்தை மாத்தி உக்காந்து பேசறியோ என்னவோ. மருமக போன வாரம் கூப்பிட்டா. நல்லாத்தான் பேசினா. பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா அத்தைன்னு கேட்டா. அரை மணி நேரப் பேச்சுல உம்பேரு ஒரு தடவைகூட வரல. சரி, அத விடு.

சர்வோ மாட்டறப்ப முதல்ல கரண்டு குடுத்து, கையில புடிக்கற டிரான்ஸ்மிட்டர்ல நேர் பண்ற டிரிம்மை நடுவுல வெச்சு, சர்வோ நடுவுக்கு வந்து நின்ன பொறவுதான் மேல இருக்கற ஹார்ன்ங்கற சின்னக் கையை மாட்டோணும். இல்லேன்னா கார் காலத்துக்கும் ஒரு பக்கமாவே இழுக்கும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான் முதல்ல சொல்லிக் குடுத்தது இன்னொண்ணு: டிரான்ஸ்மிட்டரை முதல்ல போடு, அப்புறம் கார். நிறுத்தறப்ப முதல்ல கார், அப்புறம் டிரான்ஸ்மிட்டர். மாத்திப் பண்ணுனா காருக்கு யார் பேச்சைக் கேக்கறதுன்னு தெரியாம எங்காச்சும் போய் முட்டும். நீயும் ஞாபகம் வெச்சுக்கோ. முதல்ல டிரான்ஸ்மிட்டர்.

மொட்டை மாடியில ஓட்டிப் பாத்தோம். பழைய பேட்டரி ஆறு செல்லும் செத்துப் போச்சு, பையன் ஆன்லைன்ல புதுசு வாங்கிக் குடுத்தான். டயருக்குள்ள ஸ்பாஞ்சை வெச்சு ரிம்மோட சுத்தி ஒட்டினோம். ரப்பர் கொஞ்சம் கட்டியாயிருச்சு, ஆனா வெடிப்பு இல்ல. முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்துலயும் பின்பக்கம் வீசிட்டுப் போய் தண்ணித் தொட்டியில இடிச்சுது. பின்னாடி கியர் பாக்ஸைப் பிரிச்சா, டிஃபரென்ஷியல்ல நீ கெட்டி கிரீஸை ரொப்பி வெச்சிருக்கற. வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் அதிகம் சுத்தோணும், உள்பக்கம் கம்மியாச் சுத்தோணும். கிரீஸ் அவ்வளவு கெட்டியா இருந்தா ரெண்டும் ஒண்ணாச் சுத்தப் பாக்கும், வாலு வழுக்கத்தான செய்யும். அதைத் துடைச்செடுத்து லேசான கிரீஸ் வெச்சேன். கெட்டி கிரீஸை முன்னாடி டிஃபரென்ஷியல்ல போட்டேன். இப்ப ஆக்சிலேட்டர் குடுத்தா முன்பக்கம் இழுத்துட்டு வெளிய வருது, பின்பக்கம் பணிவாப் பின்னாடி வருது.

அதுக்கும் பொறவு வலது வளைவுல நல்லாப் போச்சு, இடது வளைவுல மட்டும் வண்டி வெளிய தள்ளுச்சு. நீ கைக்காசு சேத்து வாங்கினியே ஆயில் டேம்பர், எண்ணெய் ஊத்தற ஷாக் அப்சார்பர், அதுலதான் கோளாறு. பீரோ கண்ணாடியைப் படுக்கப் போட்டு, அதுமேல காரை வெச்சு முன்பக்கத்தை ரெண்டு விரல்ல அமுக்கி விட்டேன். இடது பக்கம் மெதுவா மேல வந்துச்சு, வலது பக்கம் பொசுக்குன்னு வந்துச்சு. ஓ-ரிங் காஞ்சு எண்ணெய் பாதி கசிஞ்சிருக்குது. நாலையும் பிரிச்சு, புது ஓ-ரிங் போட்டு எண்ணெய் ஊத்தினேன். ஊத்தின உடனே மூடக்கூடாது கண்ணு. பிஸ்டனை ரொம்ப மெதுவா மேலயும் கீழயும் இழுக்கோணும். அடியில ஒளிஞ்சிருக்கற காத்து சின்னச் சின்னக் கொப்புளமா மேல வரும். கடுகை விடச் சின்னது. எல்லாம் வந்துருச்சுன்னு நினைக்கறப்ப இன்னும் ஒண்ணு வரும். நாலையும் டம்ளர்ல நிறுத்தி வெச்சு ராத்திரி முழுக்க விட்டு, காலைலதான் மூடினேன். இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணாவே எந்திரிக்குது. கத்தி முனையால முன்பக்கத்தை நடுவுல தூக்கினா ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்துல தரையை விடுது.

பையன் 22 பல்லு பினியனை எடுத்துட்டு 25 போடலாம்ங்கறான். ஸ்பீடு ஏறும்ங்கறான். இப்ப மோட்டார் எட்டேகால் சுத்து சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து. நம்ம மாடி அகலத்துக்கு அது போதும். பெரிய பல்லு போட்டா மோட்டாருக்குப் பாரம், சூடு ஏறும், வார்னிஷ் கருகின வாசம் வந்த பொறவு மூடி வெச்சு என்ன பிரயோஜனம். ஓட்டி முடிச்சதும் மோட்டாரைத் தொட்டுப் பாக்கச் சொல்லியிருக்கேன். கை வெக்க முடியலேன்னா ஆறப் போடோணும். நீயும் வேலை வேலைன்னு கெடக்காத. நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்துக்கு வீட்டுக்குப் போ.

இன்னொண்ணு சொல்லோணும். கிட்ல வந்த பிளாஸ்டிக் புஷ்ஷை எல்லாம் எடுத்துட்டு பால் பேரிங் போட்டாத்தான் சக்கரம் லேசா ஓடும்னு நீ அப்பவே சொல்லிட்டு இருந்த. அந்தப் பெட்டியில, காருக்கு அடியில, ஒரு காகிதப் பொட்டலம் இருந்துச்சு. பிரிச்சா உள்ள பேரிங். பொட்டலத்து மேல பென்சில்ல "5×11×4 தம்பி கார்"னு எழுதியிருக்குது. உங்கப்பா கையெழுத்து. அந்த நாலை அவரு எப்பவும் மேல மூடிப் போடுவாரே, அதே நாலு.

நான் வெக்கல அதை. அவரு வெச்சது எனக்குத் தெரியவும் தெரியாது.

இப்பச் சொல்றேன் சாமி. உங்கப்பா அந்தக் காரை யாருக்கும் குடுக்கல. நான்தான் எடுத்தேன். உனக்கு நாலு அரியர்னு தெரிஞ்ச அன்னிக்கு, நீ ஹாஸ்டல்ல இருக்கறப்ப, என்னோட ஊதாச் சேலையில சுத்தி அம்மாயி வீட்டுக்குக் கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில இருந்த இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சுட்டேன். பொங்கலுக்கு வந்து எங்கம்மா காருன்னு நீ கேட்டப்ப பயத்துல வாய் தவறி "அப்பா எடுத்துட்டுப் போய் யாருக்கோ குடுத்துட்டாரு"ன்னுட்டேன். அப்பத்தான் அவரு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருந்தாரு. காதுல விழுந்துருச்சு. என்னை ஒரு பார்வை பாத்தாரு. உன்கிட்ட "படிக்கற வேலையப் பாரு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி என்னைத் திட்டல. "பத்திரமா வெச்சிருக்கியா?"ன்னு மட்டும் கேட்டாரு.

யோசிச்சுப் பாரு, 2005ல நரேன் கார்த்திகேயன் மெல்போர்ன்ல ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டின அன்னிக்குக் காலைல உன்னை எழுப்பி டிவி முன்னாடி உக்கார வெச்ச மனுசன். நம்மூருப் பையன் பதினஞ்சாவதா வந்ததுக்கு லேத் பட்டறை பூரா முட்டாய் குடுத்தாரு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு உன்னை டிவிஎஸ்ல வெச்சுக் கூட்டிட்டுப் போய், வெயில்ல தோள்மேல தூக்கி நின்னவரு. அவரா உன் காரைக் குடுப்பாரு? நீ நம்பினியே கண்ணு. நான் நம்ப வெச்சேன். அதுக்கப்புறம் நீ அவருகிட்டப் பேசினதெல்லாம் பணம் வந்துச்சா, பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டுந்தான்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கேப்பாரு, "சொல்லிடலாமா?"ன்னு. வேலைக்குப் போகட்டும்னேன். வெளிநாடு போகட்டும்னேன். கல்யாணம் ஆகட்டும்னேன். அப்புறம் அவரு கேக்கறதுக்கு இல்ல. நீ வந்து பத்து நாள் திண்ணையில உக்காந்திருந்தியே, அந்தப் பத்து நாளும் சொல்லோணும்னு நினைச்சேன். உம்முகத்தைப் பாத்துட்டு வாய் வரல. அவரு போறதுக்கு முந்தி அம்மாயி வீட்டை வித்தப்ப பெட்டி நம்ம பரணுக்கு வந்துச்சு. அப்பத்தான் அவரு பேரிங்கை உள்ள வெச்சிருக்கோணும்.

பேரிங் எல்லாம் மாட்டிட்டேன். சக்கரத்தைச் சுண்டி விட்டா நின்னு சுத்துது.

உன்கிட்ட நான் எதையும் கேக்கல. நீ சொல்ற எதுக்கும் அம்மா கோவிச்சுக்க மாட்டேன், யாரையும் குத்தம் சொல்லவும் மாட்டேன். மருமகளும் எனக்குப் புள்ளதான். குட்டிப்பையன் யார்கூட இருந்தாலும் எம்பேரன்தான்.

பாடி மட்டும் பாக்கி. நாளைக்கு வளைவுக் கத்திரியில கோடு பாத்து வெட்டிருவேன். இதுக்கு உள்பக்கமாத்தான் பெயிண்ட் அடிக்கோணுமாம். அழுத்தமான கலர் முதல்ல, வெளிர் கலர் அப்புறம். மேல இருக்கற பிளாஸ்டிக் தாளை எல்லாம் காஞ்ச பொறவுதான் உரிக்கோணும். ஒரு தடவை அடிச்சுட்டா மாத்த முடியாதுன்னு பையன் சொல்றான். நீ அப்ப நீலம்னு சொல்லிட்டு இருந்த, புஸ்தகத்து அட்டையில சிவப்புன்னு எழுதிக் கோடு போட்டு அடிச்சிருக்கற. எது வேணும்னு எனக்குத் தெரியல. குட்டிப்பையனையும் கேட்டுச் சொல்லு. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எங்கயும் போகல, வீட்லதான் இருப்பேன். எந்த நேரமானாலும் பரவால்ல, கூப்பிடு.

இப்படிக்கு,
அம்மா