ஷூவுல பேரு இருக்கு, பிடிப்பு இருக்கா?

ஆசிரியருக்கு வணக்கம். ஸ்டார் ப்ளேயருங்க பேர்ல வர்ற பாஸ்கெட்பால் ஷூவைப் பத்தி உங்க விளையாட்டுப் பக்கத்துல எழுதுறப்பல்லாம் கலர், லோகோ, யாரு போட்டாங்கன்னு மட்டும்தான் வருது, கோர்ட்ல அது எப்படி உழைக்குதுன்னு ஒரு வரி கூட இல்ல, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு சார்.

நான் வாரத்துல நாலு நாள் ஆடுறவன். போன தடவை வாங்கின சிக்னேச்சர் ஷூ, அதான் ஸ்டார் பேர்ல வர்றது, பிராண்ட் பேரு வேணாம், பாக்க அவ்ளோ அழகு. ஆனா அடியில இருக்கற ஹெரிங்போன் கோடு, அதான் மீன்முள்ளு மாதிரி போகுமே, ரொம்ப மெல்லிசு, இடைவெளியும் கம்மி, தூசி போய் அடைச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா உள்ளங்கையால சோலைத் துடைச்சுட்டு ஓட வேண்டியதா போச்சு. சைடுல கட் அடிச்சு திரும்புனா ஷூ நின்னுடும், கால் மட்டும் உள்ள வழுக்கிட்டுப் போய் சுண்டுவிரல் ஓரத்துல இடிக்கும். குஷன் நல்லாதான் இருந்துச்சு, அதை ஒத்துக்குறேன்.

1985ல மைக்கேல் ஜோர்டான் பேர்ல கடைக்கு வந்த முதல் ஏர் ஜோர்டான் ஷூ கணுக்காலை மூடுற மாதிரி உயரமா இருந்துச்சு. இன்னொரு பாஸ்கெட்பால் ஸ்டார் கோபி பிரையன்ட் கால்பந்து ஷூவைப் பாத்துட்டு எனக்கு லோ கட் தான், அதான் கணுக்காலுக்குக் கீழயே நிக்கிறது, வேணும்னு கேட்டு வாங்குனாரு, அவரு பேர்ல வந்த கோபி 4 ஷூ அப்படி வந்ததுதான், அந்த டிசைனே அவரு ஆடுற விதத்துல இருந்து பொறந்துச்சு.

அடுத்த தடவை எழுதுறப்ப பிடிப்பு எப்படி, குதிகால் உள்ள நகராம லாக் ஆகுதா, சைடு சப்போர்ட் இருக்கான்னு, ஒரு மாசமாச்சும் போட்டு ஆடினவங்ககிட்ட கேட்டு எழுதுங்க சார்.