‘இனம்’ என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள்: தொகைமதிப்புத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், அடுத்த வினாக்கொத்தை வரையப்போகும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். 2024 தொகைமதிப்பின் முடிவுகள் வந்ததிலிருந்து மலையகத்தில் ஒரே கேள்விதான்: எங்கள் ஆட்கள் எங்கே போனார்கள்? தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த, ‘இந்தியத் தமிழர்’ அல்லது ‘மலையகத் தமிழர்’ எனப்படும் எங்கள் தொகை 2012இல் 8 இலட்சத்து 40 ஆயிரம் அளவில் இருந்தது, 2024இல் 6 இலட்சம். நாட்டின் சனத்தொகையில் 4.1 வீதமாக இருந்தது 2.8 ஆகிவிட்டது. இதே காலத்தில் ‘இலங்கைத் தமிழர்’ 11.1 வீதத்திலிருந்து 12.3க்கு ஏறியிருக்கிறார்கள்.

இதற்கு முன்பும் ஒருமுறை எண்ணிக்கை இப்படிச் சரிந்தது. 1971இல் 11 இலட்சத்து 75 ஆயிரம் அளவில் இருந்தவர்கள் 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். அன்று காரணம் கண்முன்னே இருந்தது: எங்கள் ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடுகளும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களை ஏற்றிப்போகத் தலைமன்னாரில் கப்பல். இந்த முறை அப்படிக் கப்பல் எதுவும் போகவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அது எல்லாச் சமூகத்திலும் நடப்பது. பெரும்பகுதிப் பேர் ஊரிலேயே இருந்துகொண்டு, படிவத்தில் மட்டும் பெட்டி மாறியிருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு.

அப்படி மாறுவதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் குடும்பத்தையே சொல்கிறேன். தாத்தா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். மூத்த பெரியப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார். அவர் பிள்ளைகள் எல்லாப் பத்திரத்திலும் இலங்கைத் தமிழர். சித்தப்பா கொட்டாஞ்சேனையில் கடை வைத்தார். அவருடைய மகனின் பிறப்புச் சான்றிதழில் ஒன்று இருக்கும், மகளுடையதில் வேறு. நாங்கள் இன்னும் தோட்டத்துப் பக்கம்தான், இந்தியத் தமிழர். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கலியாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காருகிறோம், உங்கள் அட்டவணையில் இரண்டு நிரலில் நிற்கிறோம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தாங்கமுடியாத பாரத்தைச் சுமக்கிறது. நீ உன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறாய் என்பது ஒன்று. உன் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது இன்னொன்று. உன் குடும்பம் பெருந்தோட்டத்தோடு கட்டுண்டு வந்ததா என்பது மூன்றாவது. 1911இல் இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் பிரித்து எண்ணத் தொடங்கியபோது இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே பதில் இருந்திருக்கலாம். இன்று இல்லை. இந்த மண்ணில் ஐந்து, ஆறு தலைமுறை கண்டு, 1948 சட்டத்தால் குடியுரிமையை இழந்து, 2003 சட்டம் வரை அதன் மிச்சத்துக்காக அலைந்த குடும்பத்து இளைஞர், ‘இந்திய’ என்று தொடங்கும் பெட்டியைத் தொடத் தயங்குவது நியாயம்தானே? பக்கத்தில் சாய்கோடு போட்டு ‘மலையகத் தமிழர்’ என்று சேர்த்தது நல்ல மனதோடு செய்த வேலை. ஆனால் அந்தப் பெட்டியைத் தொட்டவர் எந்தப் பாதியை ஏற்றுக்கொண்டார் என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியாது.

சிலர் சொல்கிறார்கள், இந்த இனக் கேள்வியையே தூக்கிவிட்டு எல்லோரையும் இலங்கையர் என்று எழுதலாமே என்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், எத்தனை குடும்பம் இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் சாதாரண தரத்துக்கு முன்பே படிப்பை விடுகிறார்கள் என்று எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? தோட்டத்தை விட்டு நுவரெலியா டவுனுக்கோ வெள்ளவத்தைக்கோ வந்தவர்களின் நிலைமை ‘பெருந்தோட்டத் துறை’ என்ற பிரிவிலும் அகப்படாது. எண்ணிக்கை இல்லாத இடத்துக்கு நிதி ஒதுக்கீடு வராது. எங்களுக்கு அது பழைய பாடம்.

ஆகவே கேள்வியைப் பிரியுங்கள். முதலில், உங்களை எந்த இனத்தவராகக் கருதுகிறீர்கள்? மலையகத் தமிழர் தனியாக, இந்தியத் தமிழர் தனியாக, இலங்கைத் தமிழர் தனியாக. வேண்டியவர் இரண்டைத் தெரிவு செய்யட்டும். தாய் சிங்களம், தந்தை தமிழ் என்று வளரும் பிள்ளை ஏன் ஒரு பக்கத்தை விடவேண்டும்? அப்புறம் பூர்வீகத்தையும், குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குள் யாராவது தோட்டத்தில் வேலை செய்தார்களா என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

1911 முதலான தொடர் அறுந்துபோகும் என்பீர்கள். அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் அமெரிக்கா 2000இல் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைத் தெரிவு செய்ய விட்டபோது, ஒன்றை மட்டும் சொன்னவர்கள் தொகை, மற்றொன்றோடு சேர்த்துச் சொன்னவர்கள் தொகை என்று இரண்டையும் வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் வம்சாவளிக்கு இரண்டு பதில் வரை ஏற்கிறார்கள். நம் அட்டவணையிலும் மலையகத் தமிழர், இந்தியத் தமிழர் இரண்டையும், இரண்டையுமே சொன்னவரை ஒருமுறை மட்டும் எண்ணி, கூட்டி அடியில் ஒரு வரி போட்டால் பழைய தொடர் கிடைத்துவிடும்.

வாசலில் நடப்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். பகல் பதினொரு மணிக்கு லயத்தில் யார் இருப்பார்கள்? கொழுந்து பறிக்கப் போனவர்கள் மலையில். வீட்டில் ஒரு பாட்டியும் ஒரு சின்னப் பிள்ளையும். பாட்டி பேரைச் சொன்னதும், எதிரே டெப்லட்டோடு நிற்பவர் மிச்சத்தைத் தானே ஊகித்துவிடுவது மனித இயல்பு. அடுத்த வீடு காத்திருக்கிறதே! அதனால் தெரிவுகள் எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு அட்டையை அவர்கள் கையில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பேர், மதம், அடையாள அட்டை, உச்சரிப்பு இவற்றை வைத்து இனத்தைப் பதியக்கூடாது என்று கைநூலில் ஒரு வரி கறாராக எழுதுங்கள்.

இதையெல்லாம் கொழும்பில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். முன்னோடிச் சோதனையை நுவரெலியா, பதுளை தோட்டங்களில் மட்டும் வைத்தாலும் போதாது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய மலையகத்தார் கிராமங்களிலும், கொட்டாஞ்சேனை இருக்கும் கொழும்பு 13இலும் பழைய கேள்வியையும் புதிய கேள்வியையும் சம அளவு வீடுகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் பதில்களை வினாக்கொத்து அச்சேறுவதற்கு முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பகுதி ஆசிரியர் ஒருவர்