ஜி.பி.ஏ. கணக்கு: ஞாயிறு மாலைக் கூட்டம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். முதல் பருவத் தேர்வு முடிவுகள் வந்துள்ளதால், அண்ணா பல்கலைக்கழக முறையில் ஜி.பி.ஏ. (ஒரு பருவத்தின் தரப்புள்ளிச் சராசரி) கணக்கிடுவதை விளக்க, பிப்ரவரி 15, ஞாயிறு மாலை 6 மணிக்கு இணையவழியில் கூடுகிறோம்.

1. தரப்புள்ளிகளின் (ஒவ்வொரு பாடத்துக்கும் 10 வரை தரப்படும் புள்ளிகளின்) வெறும் சராசரி ஜி.பி.ஏ. ஆகாது, ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் (அந்தப் பாடத்தின் எடையைக் காட்டும் எண்ணால்) பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 4 கிரெடிட் கணிதத்தில் 9, 3 கிரெடிட் இயற்பியலில் 8, 2 கிரெடிட் ஆய்வகத்தில் 10 எனில், 36+24+20=80; அதை 9ஆல் வகுத்தால் 8.89.

2. தேர்வு முடிவையும் பாடவாரிக் கிரெடிட் விவரத்தையும் கையில் வைத்திருங்கள்.

3. 8 புள்ளி என்பது 80 மதிப்பெண் அன்று; எண்ணைப் பார்த்தவுடன் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

4. கலந்துகொள்வோர், பிள்ளையின் துறையைக் குறிப்பிட்டு, வெள்ளி இரவு 9 மணிக்குள் இங்கேயே பதிலளிக்கவும்.