குளக்கரை மறைவிடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நமது சங்கம் செய்த பணிகளில் பெரும்பகுதி, பறவைகளின் கண்ணில் படாமல் உள்ளிருந்து அவற்றைப் படமெடுப்பதற்கான குளக்கரை மறைவிடத்தைச் சார்ந்தது என்பதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

சாளரங்களைத் தாழ்த்தியதே இவ்வாண்டின் முதன்மையான வேலை. முன்பு இருக்கையில் அமர்ந்து கீழ்நோக்கி எடுத்த படங்களில் பறவையின் முதுகும் அதைச் சுற்றிய சேறுமே தெரிந்தன. இப்போது தரையில் பாய் விரித்துப் படுத்து, மணல் நிரப்பிய துணிப்பையின் மேல் லென்ஸை வைத்தால், அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பறவையின் கண்ணுக்கு நேராக அமைகிறது. எதிர்க்கரை மங்கி விலக, பறவை மட்டும் துலக்கமாக நிற்கிறது. மறைவிடம் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி இருப்பதால் காலை வெளிச்சம் நமக்குச் சாதகமானது. எனவே, உறுப்பினர்கள் மாறி மாறி மறைவிடத்தில் அமரும் முறைகளில், காலை முறைகளுக்கே போட்டி மிகுதியாக இருந்தது.

நீர்மட்டத்தைப் பற்றியும் கூற வேண்டும். நெடுங்கால் உள்ளான் தன் நீண்ட கால்களால் சற்று ஆழமான நீரிலும் இரை தேடும். பட்டாணி உப்புக்கொத்திக்கோ ஈரச்சேறு வெளிப்பட்டிருக்க வேண்டும். குளம் விளிம்புவரை நிரம்பி நின்றால் சிறிய கரைப்பறவைகள் இறங்குவதில்லை. ஆகவே, உரிய அனுமதியுடன் மதகைச் சிறிது சிறிதாகத் திறந்து, மறைவிடத்தின் முன்னுள்ள சேற்றுப்பரப்பு வெளிப்படுமாறு செய்தோம். உப்புக்கொத்தி ஒற்றைக் காலைச் சேற்றின் மேல் வைத்து நடுக்கி, அசையும் புழுவைக் கண்டு சட்டென ஓடிக் கொத்துவதை இப்போது மிக அருகில் காண முடிகிறது. நொடியில் 1000-இல் ஒரு பங்கைவிட மெதுவான ஷட்டரில் அந்த ஓட்டம் பெரும்பாலும் கலங்கிவிடுகிறது. விசிறிவால் உள்ளான் அலகை அடிவரை சேற்றில் செலுத்தியபின் அதன் நுனியை மட்டும் விரித்து இரையைப் பற்ற வல்லது. அலகை வெளியே இழுக்கும் கணத்தில் அந்த விரிந்த நுனியைப் பதிவுசெய்த படமே, என் மதிப்பில், இவ்வாண்டின் சிறந்த படம்.

நெடுங்கால் உள்ளானின் வெண்ணிற மார்பு வெயிலில் வெளிறிப்போவதாகப் பலர் கூறினர். ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுத்தால் இறகின் நுண்கோடுகள் காக்கப்படும். கரிய சிறகில் மறையும் விவரத்தை ரா (RAW) கோப்பிலிருந்து, அதாவது கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பிலிருந்து, பின்னர் ஓரளவு மீட்கலாம்.

கூடு கட்டும் பருவத்தில் வடகரையை அறவே மூடியது சிலருக்கு வருத்தம் அளித்தது. உப்புக்கொத்தியின் முட்டைகள் பருக்கைக்கற்களோடு கலந்து கிடப்பதால் மிதிபட்டுவிடும்; தாய்ப்பறவை சிறகொடிந்ததுபோல் நடித்து நம்மை விலக்க முயல்வது அதன் அச்சத்தின் வெளிப்பாடு. அதைப் படமெடுத்துக்கொண்டு அங்கேயே நிற்பது முட்டைகளை வெயிலில் வாட விடுவதாகும். அம்முடிவு சரியானது என்றே உறுதியாக நம்புகிறேன். வரும் ஆண்டிலும் அது தொடர வேண்டுமெனச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

விடியுமுன் உள்ளே வந்து, முறை முடியும்வரை வெளியேறாமல், லென்ஸைச் சாளரத்துக்கு வெளியே நீட்டாமல் ஒத்துழைத்த உறுப்பினர்களுக்கு நன்றி. காலில் வளையமிட்ட பறவையைக் கண்டால், வளையத்தின் நிறமும் எழுத்தும் தெரியுமாறு எடுத்த படத்தை, நாளும் நேரமும் குறித்து, செயலாளரிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டுக்கான முறைப்பட்டியல் கூட்ட முடிவில் பதிவுக்கு வைக்கப்படும்.

செயலாளர்