சோப்புத் தண்ணீர் முதலில்

பொள்ளாச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதற்கெல்லாம் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டேன். உங்க அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் உன் தூக்கத்தைப் பற்றி விவரமாகப் பேசியிருந்தால் இந்நேரம் பெங்களூர் பஸ்ஸில் ஏறியிருப்பாள். அதனால்தான் கடிதம். வாட்ஸ்அப்பில் இவ்வளவும் அடிக்க எனக்குப் பொறுமை இல்லை.

நீ மூன்று விஷயம் சொன்னாய். காலையில் வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்று ஊதுகிற சிபேப் மெஷின் 'கசிவு அதிகம்' என்று சிவப்பு காட்டுகிறது. தூக்கத்தில் வாய் திறக்காமல் இருக்க அப்பா போட்டுக்கொள்கிற மாதிரி தாவாங்கட்டைப் பட்டை ஒன்று ஆர்டர் செய்திருக்கிறாய், செவ்வாய்க்கிழமை வந்துவிடும். முதல் இரண்டும் எனக்குப் பழகியவை. மூன்றாவதுதான் ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. நான் கட்டுகிறேன் என்பதற்காக நீயும் கட்டாதே. கசிவு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஓட்டை வேறாக இருக்கலாம்.

டெப்போவில் நான் சேர்ந்த புதிதில் ஒரு வண்டிக்கு ஏர் பிரேக்கில் காற்று நிற்கவில்லை. உஸ்ஸென்று சத்தம் வந்த இடத்தில் ஹோஸை மாற்றினேன். மறுநாளும் காற்று இறங்கியது. கிளாம்பை மாற்றினேன். அதற்கும் இறங்கியது. ஃபோர்மேன் வந்தார், ஒரு மக்கில் சோப்பைக் கரைத்து லைன் முழுக்கத் தடவினார். நுரை கிளம்பியது வேறு எங்கோ, பிரேக் சேம்பர் பக்கத்தில். "சோப்புத் தண்ணீர் முதலில், ஸ்பேனர் அப்புறம்டா" என்றார். 31 வருஷம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். ஆனால் என் சொந்த மூச்சு விஷயத்தில் அதை மறந்துவிட்டேன்.

2019ல் எனக்கு அந்த ஒரு ராத்திரிப் பரிசோதனை எடுத்தது உனக்கு நினைவிருக்கும். தலையிலும் நெஞ்சிலும் வயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்றார்கள். 5க்குள் இருந்தால் கவலையில்லை, 30 தாண்டினால் கடுமை. சிபேப் மெஷின் வாங்கி, மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க்கோடு படுக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் உன் கதையேதான். வாய் காய்ந்தது, தலையணையில் எச்சில் வடிந்தது. 3க்கு இறங்கியிருந்த கணக்கு 11க்கு ஏறியது.

கடையில் போய்ப் பட்டை வாங்கத் தெரியாமல், பழைய வேட்டியில் நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, தாவாங்கட்டைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தேன். அம்மா அடுக்களை வேலையை முடித்துவிட்டு உள்ளே வந்தாள். வந்தவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் விளக்குப் போட்டுவிட்டார்கள். மல்லாந்து படுத்திருக்கிறேன், வெள்ளைத் துணியால் தாடையைக் கட்டியிருக்கிறது, கால் கட்டைவிரல்தான் பாக்கி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு அழுதபடியே அந்தத் துணியை அடுப்பில் போட்டாள். "செத்துப் போனவனுக்குக் கட்டுகிறதை உயிரோடு இருக்கிறவன் கட்டுவானா?" என்று ஒரு வாரம் பேசவில்லை. இப்போது நான் போடுகிற கறுப்புப் பட்டைக்கு அதுதான் காரணம். உனக்கு இதைச் சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மெஷின் செய்வது பெரிய வித்தை இல்லை. பஸ் பிரேக்கில் 7, 8 கிலோ அழுத்தம் நிற்கும். உன் மெஷின் கொடுப்பது 10 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு, அதாவது ஒரு டம்ளர் தண்ணீர் உயரம். அவ்வளவு லேசான காற்று மூக்கு வழியாகப் போய்த் தொண்டைக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. தூக்கத்தில் தளர்ந்து விழுகிற நாக்கையும் சதையையும் அது விழவிடாது. வாய் திறந்துகொண்டால் காற்றுக்கு முன்வாசல் கிடைத்துவிடுகிறது. மூக்கில் நுழைந்து, உள்நாக்கைத் தாண்டி, வாய் வழியாக வெளியே. தொண்டையில் முட்டு இல்லை. இன்னொன்றையும் கவனி. மூக்கு வழியாக உள்ளே மட்டுமே காற்று ஓடி, திரும்பி வராவிட்டால், மூக்கின் உட்புறம் காய்ந்து வீங்கும். வீங்கினால் மூக்கு அடைக்கும். அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். பட்டை வாங்கும் முன்னால் இந்தச் சுற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எனக்கு ஆரம்பித்தது பல்லில். மேல்வரிசை செட்டுப் பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத்தானே படுப்பேன்? பல் இல்லாமல் கன்னமும் உதடும் உள்ளே போய், தாடைக்குப் பிடிமானம் இல்லாமல் வாய் தொங்கியது. இதைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, மெஷின் சர்வீஸுக்கு வந்த பையன். அவன்தான் பல் டாக்டரிடமும் கேட்டு வரச் சொன்னான். இப்போது எனக்கு அந்தக் கறுப்புப் பட்டை உதவுகிறது என்றால் ஓட்டை தாடையில் இருந்ததால்.

உன் தாடைக்கு என்ன குறை? உனக்கு மூக்கு. நாலாம் வகுப்பிலிருந்து உனக்கு நீர்க்கோப்பு. பழனிக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டுதான் தூங்குவாய். மூக்கெலும்பு வளைந்திருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னார், அப்போது நாம் விட்டுவிட்டோம். அது என் தப்பு. அடைத்த மூக்கு உள்ளவள் வாயைப் பட்டை போட்டு இழுத்துக் கட்டினால், மூச்சுக்கு இருக்கிற ஒரே வழியையும் அடைத்த மாதிரி. முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார். ராத்திரி படுக்குமுன் உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே போதுமா, வேறு மருந்து வேண்டுமா என்று அவர் சொல்லட்டும்.

அதற்குள் நீயே பார்க்கக்கூடியது, மெஷினில் இருக்கிற தண்ணீர் டப்பா. அதைச் சூடாக்குகிற ஹியூமிடிஃபயரை நீ அணைத்து வைத்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். தினமும் கழுவ அலுப்பு, அதனால்தானே? பெங்களூர்க் குளிரில், காய்ந்த காற்றில், அதைப் போடாமல் படுத்தால் மூக்கு என்ன செய்யும்? டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஈரப்பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார். குழாயில் தண்ணீர் தேங்கி களகளவென்று சத்தம் வந்தால் ஒரு படி குறைத்துக்கொள்.

தலையணையையும் பார். இரண்டு தலையணை வைத்து, தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி படுக்காதே. ஒருக்களித்துப் படு. மெஷின் அழுத்தத்தை மட்டும் நீயாகத் தொடாதே. அழுத்தம் அதிகமானாலும் காற்று வாயைத் தள்ளித் திறக்கும், குறைந்தாலும் தொண்டை அடைத்து மூச்சுக்கு வாய் திறக்கும். அதை மெஷினின் மெமரி கார்டில் பதிவாகிற கணக்கை டாக்டர் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மாஸ்க்கின் முன்னால் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். உஸ்ஸென்று காற்று வரும். அது கசிவில்லை, நீ விடுகிற மூச்சு வெளியே போக வைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் வாரத்தில் உன் அப்பன் அதற்கு இன்சுலேஷன் டேப் ஒட்டினான். கால் மணி நேரத்தில் தலை கனத்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே.

செவ்வாய்க்கிழமை பட்டை வரட்டும். திருப்பி அனுப்ப வேண்டாம். மூக்கு சரியாகி, அதற்கப்புறமும் வாய் திறந்தால் போட்டுப் பார். எனக்குப் பழகியபடி சொல்கிறேன். பட்டையை முதலில் மாட்டு, மாஸ்க்கை அதற்கு மேல். மாற்றிப் போட்டால் பட்டை மாஸ்க்கின் வாரை இழுத்து, அங்கே புதுக்கசிவு உண்டாகும். இழுப்பு தாவாங்கட்டையிலிருந்து உச்சந்தலைக்கு, மேல்நோக்கி இருக்க வேண்டும். சிலது கிண்ணம் மாதிரி தாடையைப் பிடித்துப் பின்கழுத்துக்கு இழுக்கும். அது வேண்டவே வேண்டாம். தாடை பின்னால் போனால் நாக்கும் பின்னால் போகும், மெஷின் எதைத் திறக்கப் பாடுபடுகிறதோ அதை நீயே அடைத்த மாதிரி. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் போக வேண்டும். பேச முடிய வேண்டும், கொட்டாவி விட முடிய வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது போலத் தோன்றினாலோ, காலையில் காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலித்தாலோ தளர்த்து. தளர்த்தியும் வலித்தால் விட்டுவிடு.

இதைப் போட்டாலும் உதடு மூடாது. எலும்பைத்தான் தூக்கும். உதட்டின் இடுக்கில் காற்று போகும், சில பேருக்குக் கன்னம் நாதஸ்வரக்காரர் கன்னம் மாதிரி உப்பிக்கொண்டு புர்ரென்று சத்தம் வரும். மாப்பிள்ளையை ஒரு ராத்திரி கேட்கச் சொல். நாக்கை ஒரு பழக்கத்துக்குக் கொண்டுவரலாம். 'மான்' என்று சொல்லி அந்த 'ன்'லேயே நிறுத்திப் பார், நாக்கு நுனி மேலே ஒட்டி நிற்கும். தூக்கம் வரும்வரை அங்கேயே வைத்திரு. எனக்கு இது கொஞ்சம் உதவியது, அம்மா நம்பவில்லை.

அப்படியும் நிற்காவிட்டால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க். டாக்டர் சொன்னபோது முகம் அசிங்கமாகிவிடும் என்று நீ மறுத்தாய். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உன்னை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அதை முதலிலேயே மாட்டிவிட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். அது பெரியது, ஓரங்களில் கசியும், சிலருக்குத் தாடையைப் பின்னுக்குத் தள்ளும், அழுத்தமும் கூடத் தேவைப்படும். மூக்கு மாஸ்க்கில் முடிந்தால் முடித்துக்கொள்வது நல்லது.

வாயில் பிளாஸ்திரி ஒட்டுகிற வீடியோ ஒன்றை மாப்பிள்ளை அனுப்பினார். ஒட்டாதே. வாந்தி வந்தாலோ, கரண்ட் போய் மெஷின் நின்றாலோ, வாய் தானாகத் திறக்க வேண்டும். பட்டை போட்டிருந்தால் திறந்துகொள்ளலாம், ஒட்டினால் தடவித் தேட வேண்டும்.

ஊருக்குப் போகும்போது மெஷினை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் எடுத்துப் போகிற புத்தியும் வேண்டாம். உன் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு நான் அப்படித்தான் போனேன். மண்டபத்து மாடியில் வாயை மூடிக்கொண்டே குறட்டை விட்டேனாம். பட்டை மட்டும் இந்த நோய்க்கு மருந்தாகாது என்று ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் ஆய்வே தேவையில்லை.

அந்த சர்வீஸ் பையன் ஒருநாள் சொன்னான், முதல் மெஷின் 1980ல் ஆஸ்திரேலியாவில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் செய்ததாம். வீட்டைக் கூட்டுகிற வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி, உறிஞ்சுகிறதை ஊதுகிறதாக்கி, நோயாளியின் மூக்கில் மாட்டியிருக்கிறார். தொண்டையில் துளை போட வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்த கட்டடத் தொழிலாளியாம் அந்த நோயாளி. டெப்போ மெக்கானிக் வேலைதான் அது, கண்ணு. எனக்கு அன்றிலிருந்து இந்த மெஷின்மேல் ஒரு பாசம்.

மெஷினை அலமாரியில் வைத்துவிட்டேன், எப்போதாவதுதான் போடுகிறேன் என்றாயே, அது மட்டும் வேண்டாம். கசிந்தாலும் பரவாயில்லை, போட்டுப் படு. ஒரு வாரம் தினமும் காலையில் இரண்டு எண்ணை எழுதி வை: கசிவு, மூச்சு நின்ற கணக்கு. என் மெஷினில் கசிவு நிமிஷத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் சிவப்பு வரும், உன்னுடையதும் அதே கம்பெனிதான். பக்கத்தில் அன்றைக்கு மூக்கு எப்படி இருந்தது, எந்தப் பக்கம் படுத்தாய் என்று ஒரு வரி. அதுதான் உன் சோப்புத் தண்ணீர். அடுத்த ஞாயிறு போனில் படித்துக் காட்டு, அம்மா கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டாள். பாதியைப் படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ஆர்டர் போட்ட பட்டை என்ன கலர் என்று கேட்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா