கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் வரை எங்கள் நீலப் பைக்குத் துணை வந்தவர்களுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புடையீர்,

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் என் 12 வயது மகளை லண்டனில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குக் கூட்டிச் சென்று, மூன்று வாரம் தங்கி, சுகமாகத் திரும்பி வந்திருக்கிறோம். அவளுக்கு முதலாம் வகை நீரிழிவு. வயிற்றில் இன்சுலின் பம்ப், மேற்கையில் சீனி அளவு காட்டும் சென்சர், இவற்றோடுதான் அவளுடைய நாள் விடிகிறது. எங்கள் வீட்டில் வெளிநாட்டுப் பயணம் என்றால் உடுப்பு அடுக்குவதற்கு முன் மருந்து அடுக்க வேண்டும். அந்த மருந்தெல்லாம் ஒரு சிறு நீலப் பையில் போய் வந்தது. அது போய் வருவதற்கு உதவியவர்களில் சிலருக்கு மட்டுமே நேரில் நன்றி சொல்ல முடிந்தது. மற்றவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில், சிறுவர் நீரிழிவுக் கிளினிக்கில் எங்களைப் பார்க்கும் வைத்தியருக்கும் அங்குள்ள தாதி அக்காவுக்கும். பயணக் கடிதம் கேட்டுப் போன அன்று, எத்தனை மணித்தியாலப் பயணம், எங்கே விமானம் மாறுகிறீர்கள், சாப்பாடு எத்தனை தரம் தருவார்கள் என்றெல்லாம் கேட்டறிந்த பிறகுதான் வைத்தியர் பேனையைக் கையில் எடுத்தார். இன்சுலின், பம்ப், சென்சர், ஊசிகள், விரல் குத்தும் முட்கள், குளிர்ப் பொதிகள், குளுக்கோஸ் என்று ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எழுதி, பம்பையும் புதுச் சென்சர்களையும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்பாமல் கையால் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். பம்ப் பழுதானால் போட வேண்டிய நீண்ட நேர இன்சுலினின் அளவையும் தனித்தாளில் எழுதித் தந்தார். விமானம் மேலே ஏறும்போது உள்ளே காற்றமுக்கம் குறைவதால் பம்பின் இன்சுலின் குழாயில் குமிழ் உண்டாகி, நாங்கள் கேட்காத இன்சுலினைக் கொஞ்சம் உடம்புக்குள் தள்ளிவிடக்கூடும் என்பதும், அதனால் ஏறும்போது பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, உயரத்தில் நிலைப்பட்டபின் குமிழை வெளியேற்றி மீண்டும் மாட்டலாம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது.

கடிதம் கைக்கு வந்ததும் நான் எழுந்துவிட்டேன். தாதி அக்காதான் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிளினிக் கொப்பியில் மகளின் பெயர் முதலெழுத்தோடு சுருக்கமாக இருந்தது; கடவுச்சீட்டிலோ தகப்பனின் பெயர் முழு நீளத்தில் முன்னுக்கு நிற்கிறது. பாடசாலையில் ஒரு பெயரும் வங்கியில் இன்னொரு பெயருமாகவே நம்மவர்கள் ஒரு சீவியத்தை நடத்தி முடித்துவிடுவார்கள், ஆனால் ஊசியும் மருந்தும் கொண்டு எல்லை தாண்டும்போது அந்த வித்தியாசம் கேள்வியாகும். தன் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கடிதத்தை அவர் மறுபடி அடிப்பித்துக் கையெழுத்து வாங்கித் தந்தார். அதோடு, இங்கே மில்லிகிராமில் சொல்லும் சீனியின் அளவை அங்கே மில்லிமோலில் சொல்வார்கள், 18 ஆல் வகுக்க வேண்டும் என்று விளக்கி, 70க்கு 3.9, 100க்கு 5.6, 180க்கு 10 என்று ஒரு சிறு அட்டையில் எழுதி மகளின் கையில் கொடுத்தார். லண்டனில் தம்பி வாங்கி வைத்திருந்த மீற்றர் 5.6 என்று காட்டியபோது நான் பதறியதும், அவள் அட்டையை எடுத்து நீட்டிச் சிரித்ததும் வேறு கதை.

அடுத்து, காலி வீதியில் நாங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் மருந்தகத்து ஐயாவுக்கு. மூன்று வாரப் பயணத்துக்கு ஆறு வார மருந்து எடுத்துப் போகும்படி சொன்னவர் அவர். ஒவ்வொரு பெட்டியிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் அச்சிட்டு ஒட்டித் தந்தவரும் அவரே. ஐஸ் நிரப்பிய பிளாஸ்குக்குள் இன்சுலினைப் போட்டுக்கொண்டு போவதுதான் என் மாமியார் காலத்து வழக்கம், நானும் அப்படியே செய்யவிருந்தேன். அவர் தடுத்தார். உறைந்த இன்சுலின் பிறகு இளகினாலும் பயன்படாது, பார்வைக்கு அது பழுதென்று தெரியாமலும் இருக்கலாம் என்று சொல்லி, குளிர்ப் பொதியை ஒரு துவாயில் சுற்றி, இன்சுலின் பெட்டி அதைத் தொடாதபடி நடுவில் மட்டையொன்றை வைத்து எப்படி அடுக்குவது என்று மேசையில் செய்து காட்டினார். பாவனைக்குத் திறந்த இன்சுலின் 30 பாகைக்குக் கீழே இருந்தால் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும் என்பதால் அதைப்பற்றி அவருக்குக் கவலை இருக்கவில்லை. திறக்காதவற்றைப் பற்றித்தான் கவலை. தன் கடையின் குளிர்ப்பெட்டிக்குள் இருந்த சிறிய வெப்பமானியைக் கழற்றி, "தங்கச்சி, திரும்பி வந்து தாங்கோ" என்று பைக்குள் போட்டுவிட்டார். திரும்பி வந்த மறுநாளே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு மட்டும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

கட்டுநாயக்கவில் அன்று அதிகாலை கடமையில் இருந்த பெண் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கு. பம்பைக் கண்டதும் அவர் கையை நீட்டவில்லை, கடிதத்தை முழுதாக வாசித்த பிறகு, என்னிடமும் அல்ல, மகளிடம் குனிந்து, "இதை நீங்களே தொட்டுக் காட்டுவீர்களா?" என்று உடைந்த தமிழில் கேட்டார். மகள் தன் இரு உள்ளங்கைகளாலும் பம்பைத் தடவிக் காட்ட, வெள்ளைத் துணித்துண்டு ஒன்றால் அந்தக் கைகளைத் துடைத்து, துணியை வெடிமருந்துத் தடயம் பார்க்கும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். முழுவதும் இரண்டு நிமிடம். உடுப்பை உயர்த்த வேண்டி வருமோ என்று முதல் நாள் இரவு முழுக்க நித்திரையில்லாமல் கிடந்த பிள்ளை, அதன்பின் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இடையில் விமானம் மாறிய வளைகுடா நாட்டு விமான நிலையத்தில் அப்படி நடக்கவில்லை. மேலே பை வைக்க இடமில்லை என்று சொல்லி, வாசலில் நின்ற ஊழியர் ஒருவர் சில்லுப் பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டிக் கீழ்ச்சரக்கறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நீலப் பையோ என் சில்லுப் பெட்டிக்குள் இருந்தது. சரக்கறையில் இன்சுலின் உறைந்துபோகலாம், பெட்டி வேறு ஊருக்கும் போகலாம். நான் நீட்டிய கடிதத்தை அவர் பார்க்கவேயில்லை. பின்னால் வரிசையில் நின்ற, லண்டனுக்குப் படிக்கப் போவதாகப் பிறகு சொன்ன மட்டக்களப்புத் தம்பி ஒருவர், "அக்கா, இதுக்குள்ள மருந்தா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றதும், அந்தச் சீட்டைத் தன் பையில் கட்டச் சொல்லி, எங்கள் பெட்டியைத் தானே மேலே தூக்கி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதே விமானத்தில் நான் செய்த பிழை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சாப்பாட்டுத் தட்டு மேசைக்கு வந்த பிறகே பம்பின் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தாதி அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், வண்டில் நான்கு வரிசை தள்ளி வந்துவிட்டதைக் கண்டு நான் அவசரப்பட்டேன். இன்சுலின் போய்ச் சேர்ந்த சில நிமிடங்களில் விமானம் குலுங்கத் தொடங்க, வண்டில்களைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டிவிட்டுப் பணியாளர்களும் பட்டி கட்டி அமர்ந்துவிட்டார்கள். குளுக்கோஸ் வில்லைகள் தலைக்கு மேலே பெட்டிக்குள் இருந்தன. சென்சர் அலறி, சீனி மிகக் குறைந்து 64 என்று காட்டி, அம்புக்குறி கீழ்நோக்கித் திரும்பியது. பிள்ளையின் மேலுதடு வியர்த்துவிட்டது. நடைபாதைக்கு அந்தப்பக்கம் இருந்த சிங்கள அம்மா, என் முகத்தைப் பார்த்தே விஷயத்தை விளங்கிக்கொண்டவர் போல, பிள்ளை இனிப்புச் சாப்பிடலாமா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, தன் மகளுக்காகக் கொண்டுபோன கித்துள் கருப்பட்டிப் பொதியை மடியில் வைத்துப் பிரித்து, இருக்கையின் கைப்பிடியில் தட்டி உடைத்து, ஒரு துண்டை நீட்டினார். கால் மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பார்த்தபோது 88. அம்மா, உங்கள் மகளுக்குக் கருப்பட்டி ஒரு மூலை குறைவாகவே போய்ச் சேர்ந்திருக்கும். காரணத்தை நீங்கள் சொல்லியிருப்பீர்கள். குலுக்கம் நின்றதும், மற்ற எல்லோருக்கும் முன்பாக எங்களுக்கு உணவைக் கொண்டுவந்த விமானப் பணியாளருக்கும் நன்றி.

திரும்பி வரும் வழிக்கென்று, பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை வெளியிட்டுள்ள மருத்துவச் சாதன அட்டையைத் தம்பியின் மனைவி அச்சிட்டுத் தந்திருந்தார். அதைக் காட்டியதும் லண்டனில் வேறு பேச்சே எழவில்லை.

இனி, அந்த மட்டக்களப்புத் தம்பிக்கு. லண்டனில் இறங்கிய பின் பொதிகள் வரும் பட்டியருகே உங்களோடு கொஞ்ச நேரம் நின்றோம். எங்கள் பெரிய பெட்டி முதலிலேயே வந்துவிட்டது; வெளியே உங்கள் தம்பி காத்திருக்கிறார், நீங்கள் போங்கள் அக்கா என்று எங்களை அனுப்பிவைத்தீர்கள். நாங்கள் வாசலைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது பட்டி வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது, நீங்கள் இன்னும் அங்கேயே நின்றீர்கள். உங்கள் பை கிடைத்திருக்க வேண்டும் என்று மகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பம்பலப்பிட்டிப் பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால், அது கிடைத்துவிட்டது என்று ஒரு வரி எழுதுங்கள்.

மிக்க நன்றியுடன்,
நீலப் பைக்காரியின் அம்மா